புத்தகத்தில் இல்லாத ஆரஞ்சு

பிசிறு அறையில் அவளுக்குப் பெயர் ரேடியோ. வயதில் இளையவர்கள் ரேடியோக்கா என்பார்கள். "திருகிவிட்டா பாடும், நிறுத்தத்தான் முடியாது" என்று குண்டூசி வைத்த பெயர் அது. கேலியாக வைத்தது மரியாதையாக ஒட்டிக்கொண்டுவிட்டதில் குண்டூசிக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கீழ்த்தளத்தில் தைத்து முடித்த சட்டைகள் கூடை கூடையாக அந்த அறைக்கு வரும். பெரிய மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து, தையல் ஓரங்களில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுப்பார்கள். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. காது சும்மா இருக்கும். சும்மா இருக்கிற காதில் வம்பு வந்து விழும். வம்பு முற்றினால் சண்டை. சண்டை வந்தால் கத்தரி தப்பிப்போய்ச் சட்டையில் ஓட்டை. ஓட்டைகளுக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போன சூப்பர்வைசர் ஒருநாள் வாசலில் நின்று, "யாராவது ஒருத்தர் கதைப் புத்தகமாவது படிச்சுத் தொலைங்கம்மா. மத்தவங்க வாயையாவது மூடிக்கிட்டு இருப்பீங்க" என்று கும்பிட்டார். அப்படித் தொடங்கியது. ஒருத்தி ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை மற்றவர்கள் பகிர்ந்து முடித்துக் கொடுப்பார்கள்.

நாளாவட்டத்தில் அதற்குச் சட்டங்களும் வந்தன. படிக்கிறவள் உள்ளதை உள்ளபடி படிக்க வேண்டும். விட்டுப் படிக்கவும் கூடாது, சேர்த்துப் படிக்கவும் கூடாது. கேட்கிறவளுக்குக் கதை பிடிக்கவில்லையென்றால் வாயால் சொல்ல வேண்டாம், கத்தரியை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்சம் கையை உதறிக்கொள்ளலாம். எல்லாக் கத்தரிகளும் மேசைக்கு வந்துவிட்டால் அந்தப் புத்தகத்தை மூடிவிட வேண்டும். பாதி தாண்டிவிட்டால் மட்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், முடித்தே ஆக வேண்டும்.

முதல் சட்டத்துக்குப் பலியானவள் குண்டூசி. ஆரம்பத்தில் அவள்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, குத்துகிற வாய், நல்ல குரல். ஆனால் பொறுமை கிடையாது. மலை, மழை என்று எழுத்தாளர் ஆரம்பித்தாலே பக்கத்தைத் தாண்டிவிடுவாள். ஒரு துப்பறியும் கதையில், செத்தவன் யாரென்றே தெரியாமல் கொலைகாரன் பிடிபட்டான். "செத்தது யாருடி?" என்று மேசையில் மூத்தவளான பெரியம்மா கேட்க, குண்டூசி திருதிருவென்று விழித்தாள். அன்றோடு நாற்காலி போயிற்று.

அடுத்து உட்கார்ந்தவள்தான் ரேடியோ. அதற்கு முன் அவள் அந்த அறையில் இருந்ததே பலருக்குத் தெரியாது. ஐந்து பிள்ளைகளில் மூத்தவளாகப் பிறந்து, தம்பி தங்கைகளைத் தூங்கவைக்கக் கையில் கிடைத்ததையெல்லாம் உரக்கப் படித்துப் பழகியவள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. அந்தப் பழக்கம் நிற்கவில்லை. கல்யாணமான வீட்டில் அதைக் கேட்க ஆளில்லை. தண்ணீர் லாரி ஓட்டும் கணவர் நல்ல மனுஷர்தான், குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் அவள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிவு தனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோல் தலையாட்டிவிட்டுச் செய்திச் சேனலுக்குத் திரும்பிவிடுவார். பெற்ற மகனுக்கு இன்னொரு ஊரில் வேலை, போனில், "சரிம்மா, சரிம்மா, அப்புறம்?" என்பான். அந்த 'அப்புறம்' போனை வைப்பதற்கான அவசரம் என்று அவளுக்குத் தெரியும்.

நாற்காலியில் உட்கார்ந்து முதல் வரியைப் படித்த அன்று, அவள் சொல்லச் சொல்ல ஒரு அறை முழுவதும் கேட்டது. நடுவில் இருமல் வந்து நிறுத்தியபோது, "ம், அப்புறம்?" என்றாள் பெரியம்மா. இந்த 'அப்புறம்' வேறு. அதற்குப் பிறகு அந்த நாற்காலி தனக்கு என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அதை யாரும் துடைக்க விட்டதில்லை, அவளே துடைத்துக்கொள்வாள்.

அவள் எத்தனையோ நாவல்கள் படித்துவிட்டாள். ஒன்றை மட்டும் வீட்டில், அலமாரியில் மடித்த புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். நீல அட்டை. அது ஒரு காதல் கதை. நிலம் அளக்கிற சர்வேயர் ஒருவன், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி. சேர்கிறார்கள், பிரிகிறார்கள், கடைசியில் ஒரு படகுத்துறையில் பார்த்துக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதை எடுத்துப் பிரித்துவிடுவாள். எந்த இடத்தைத் திறந்தாலும் அடுத்த வரி வாயில் வரும். அதை அறைக்குக் கொண்டுபோக அவளுக்குப் பயமாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன் சொந்தப் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்துகிற பயம். கடைசியில், படிக்க வேறொன்றும் கைவசம் இல்லாத ஒரு வாரம், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு எடுத்துப் போனாள்.

"இது ரொம்ப நல்ல கதை. பொறுமையா கேட்கணும்" என்று முன்னுரை வேறு சொன்னாள். அதுதான் முதல் தப்பு.

"நல்ல கதைன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சாலே எனக்குக் கொட்டாவி வந்துடும்" என்றாள் குண்டூசி.

கொட்டாவி வந்தது. குண்டூசிக்கு மட்டுமல்ல. நாவலாசிரியருக்கு நிலாவின்மேல் அப்படி ஒரு பிரியம். சர்வேயர் வாயைத் திறந்தால் நிலா, பெண் ஜன்னலைத் திறந்தால் நிலா. 

"அந்த ஊர்ல அமாவாசையே வராதா?" என்றாள் பெரியம்மா.

"சர்வேயர் நிலத்தை அளக்கறானா, நிலாவை அளக்கறானா?" இது குண்டூசி.

மேசை முழுவதும் சிரித்தது. ரேடியோவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவளுக்கு அந்த நிலாவெல்லாம் கண்ணில் பட்டதே இல்லை. எத்தனை முறை படித்திருக்கிறாள்! வீட்டில் அடுப்படியில் நிற்கும்போது ஒன்றுமில்லாத கறையாகத் தெரிவது, விருந்தாளி வந்து நின்றவுடன் சுவர் முழுக்கத் தெரியுமே, அதுபோல இப்போது பக்கத்துக்குப் பக்கம் நிலாவாகத் தெரிந்தது. எரிச்சல் எரிச்சலாக வந்தது. நிலாவை எழுதியவர்மேல் கொஞ்சம், சிரித்தவர்கள்மேல் கொஞ்சம், கொண்டுவந்த தன்மேல் மிச்சம் அத்தனையும்.

"உங்களுக்கெல்லாம் செவிடன் காதுல சங்கு ஊதற மாதிரி" என்றாள்.

"சங்கு ஊதினா பரவாயில்லையே, செத்தது யாருன்னாவது தெரியும்" என்றாள் குண்டூசி. பழைய காயம் அவளுக்கு.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "பிடிக்கலேன்னா வேற புத்தகம் படி" என்றார் அவர். லாரி ஒரு தெருவுக்குள் போகாவிட்டால் அடுத்த தெரு. அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் வழி.

மறுநாள் கத்தரிகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வர ஆரம்பித்தன. முதலில் குண்டூசி. அப்புறம் எதிர்வரிசை. புதிதாகக் கல்யாணமாகி வேலைக்கு வந்திருந்த பெண் ஒருத்தி, எல்லோரும் புதுசு என்று கூப்பிடுவார்கள், அவளும் பாவமாகப் பார்த்துக்கொண்டே கத்தரியை வைத்தாள். பெரியம்மாவின் கத்தரி மட்டும் காற்றில் இருந்தது. கதை பாதியை எட்ட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. வேலை பறிபோன கதாநாயகி ஜன்னலருகில் உட்கார்ந்திருக்கிறாள். சர்வேயர் உள்ளே வருகிறான். ரேடியோ புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள். மனப்பாடமாகத் தெரிந்த இடங்களில் அப்படி எடுத்துப் படிப்பது அவளுக்குப் பெருமை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, மெதுவாகப் படித்தாள்.

அவன் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தான். மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு தெரிய, நிதானமாகத் தோலை உரித்தான். ஒரு சுளையைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்த வெள்ளை நாரை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்தான். அவள் தின்னும்வரை அடுத்த சுளையைத் தொடவில்லை. அப்புறம் அடுத்தது. அப்படியே ஒவ்வொன்றாக. கடைசிச் சுளையில்தான் அவளுக்கு அழுகை வந்தது. அப்போதும் அவன் ஏன் என்று கேட்கவில்லை.

பெரியம்மா கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். மேசைக்குப் போன கத்தரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கைக்கு வந்தன.

"சர்வேயருக்கு ஏது தீக்காயம்?" என்று குண்டூசி மட்டும் கேட்டாள்.

"வாயை மூடுடி" என்றது மேசை.

அடுத்து வந்த நாட்களில் பிசிறு அறையில் ஆரஞ்சைத் தவிர வேறு பேச்சில்லை. சர்வேயரின் நிலாவை மன்னித்துவிட்டார்கள். அவரவர் வீட்டில் பரீட்சையும் நடந்தது.

"எங்க வீட்டுக்காரர்கிட்ட பழத்தைக் குடுத்து உரிச்சுத் தாங்கன்னேன்" என்றாள் பெரியம்மா. "ஏன், உன் கையில என்ன கட்டு போட்டிருக்கான்னு கேட்டாரு."

"என் ஆளு உரிச்சான்" என்றாள் எதிர்வரிசைக்காரி. "உரிச்சு உரிச்சு அவனே தின்னான். கடைசியில தோலை என் கையில குடுத்து, குப்பையில போடுன்னான்."

ரேடியோவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷமாகத் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தன் ரசனை ஒன்றும் தப்பில்லை. தன் கணவரை அந்தச் சர்வேயரோடு ஒப்பிட்டு அவள் மனசுக்குள் நடத்திவந்த நீண்ட வழக்கில் தனக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்ததுபோல் இருந்தது.

வினை புதுசு உருவத்தில் வந்தது. அவளுக்கும் புருஷனுக்கும் ஏதோ மனத்தாங்கல். 'எப்படி இருக்கணும்னு இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கோ' என்று அவனிடம் காட்ட, நூலகத்தில் தேடி அதே நாவலை எடுத்திருக்கிறாள். இராத்திரியெல்லாம் புரட்டியிருக்கிறாள். காலையில் கத்தரியை எடுக்கும் முன்பே நாற்காலியருகில் வந்து நின்றாள்.

"அக்கா, ஆரஞ்சு எந்தப் பக்கத்துல வருது?"

"ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருப்பாளே, அங்க."

"அங்க இல்லக்கா. அங்க அவன் வந்து பேசறான். பேசிக்கிட்டே இருக்கான்."

"நூலகப் புத்தகம்தானே. யாராவது கிழிச்சிருப்பாங்க."

"பக்க நம்பரெல்லாம் வரிசையா இருக்குக்கா."

குண்டூசியின் காது கூர்மை. எழுந்து வந்து இரண்டு புத்தகங்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரலை ஓட்டிக்கொண்டே போனாள். அவள் பொறுமையாக ஒரு பக்கத்தைப் படித்ததை அறை அன்றுதான் பார்த்தது.

"இல்லை" என்றாள். "ரெண்டுலயும் இல்லை. நிலாவைப் பத்தி ரெண்டு பக்கம் பேசறான். பழமும் இல்ல, தோலும் இல்ல."

"முன்னே பின்னே பாரு" என்றாள் ரேடியோ. குரல் அவளுடையதாக இல்லை.

"முன்னேயும் பார்த்தேன், பின்னேயும் பார்த்தேன். நான் விட்டுப் படிச்சேன்னு என்னைத் தூக்கினீங்க. இவங்க சேர்த்துப் படிச்சிருக்காங்க. இதுக்கு என்ன சட்டம் பெரியம்மா?"

"நான் சேர்க்கலை!" என்றாள் ரேடியோ. "சத்தியமா சேர்க்கலை. அது இருக்கு. எனக்கு அந்தப் பக்கமே கண்ணுல தெரியுது."

பெரியம்மாவுக்குத்தான் தர்மசங்கடம். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நிதானமா தேடு" என்றாள். "இருந்தா நாளைக்குக் காட்டு. இல்லேன்னா..." மீதியைச் சொல்லாமல் ஒரு சட்டையை எடுத்து உதறினாள். 

அன்று சாயங்காலம் ரேடியோ உலை வைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து தேடினாள். ஒரு வரி விடாமல் தேடினாள். அந்த இடம் வந்தது. ஜன்னல், பெண், சர்வேயர் உள்ளே வருகிறான். அடுத்த தாளைத் திருப்பியபோது விரலுக்கு வித்தியாசமாகப் பட்டது. புத்தகம் முழுவதும் பருத்தித் துணிபோல் நைந்திருக்க, அந்தத் தாள் மட்டும் விறைப்பாக, புதிதாக இருந்தது.

அப்போது புரிந்தது. ஒவ்வொரு முறையும், சர்வேயர் உள்ளே வந்ததும் அவள் புத்தகத்தை மூடி நெஞ்சில் வைத்துக்கொள்வாள். ஆரஞ்சு முழுவதும் அங்கேதான் நடக்கும். பிறகு திறக்கும்போது அடுத்த அத்தியாயத்தில் திறப்பாள். நடுவில் இருந்த நிலாப் பேச்சை முதல் தடவைக்குப் பிறகு படித்ததே இல்லை. முதல் தடவையாவது படித்தாளா என்பதும் இப்போது சந்தேகமாக இருந்தது.

அப்படியென்றால் அந்த ஆரஞ்சு எங்கிருந்து வந்தது? 

நாவல் எங்கே கிடைத்தது என்று யோசித்தாள். ஆஸ்பத்திரியில். முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது. பக்கத்துக் கட்டில்காரி வீட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன புத்தகம் அது. யாரோடும் பேசப் பிடிக்காமல், முகத்தை மறைத்துக்கொள்ளத்தான் அதைப் பிரித்தாள். அந்தக் கட்டிலின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்து...

அவள் எழுந்து கூடத்துக்கு ஓடினாள். கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரைப் பார்க்கவே புதிதாக இருந்தது. இத்தனை வருஷமாகச் சர்வேயரைக் காட்டி இவரை மனசுக்குள் தாழ்த்தியிருக்கிறாளே!

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப நீங்கதானே எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்க?"

"எப்போ?"

"முதல் தடவை. நமக்குக் குழந்தை தங்காமப் போனப்ப."

அவர் டீவியின் சத்தத்தைக் குறைத்தார். அது அந்த வீட்டில் அபூர்வமாக நடப்பது.

"அப்ப நான் எங்க இருந்தேன்? லாரியோட அணை கட்டற வேலைக்குப் போயிருந்தேன். தகவல் தெரிஞ்சு வந்து சேர்றதுக்குள்ள உன்னை வீட்டுக்கே அனுப்பிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "வந்திருக்கணும்தான்" என்றார்.

"அப்ப கூட இருந்தது யாரு?"

"அக்காதான். வேற யாரு வந்தா?"

மணிக்கட்டில் தழும்பு. வடைச்சட்டி எண்ணெய் தெறித்த தழும்பு. அதைப் பார்த்துக்கொண்டுதானே அவள் சுளை சுளையாகத் தின்றாள்.

போயும் போயும் நாத்தனாரா!

கணவரின் அக்கா வாயைத் திறந்தால் ஊசி, மூடினால் பூட்டு. தன் மகள் கல்யாணத்தில் மேடையில் குடும்பமாக நின்று போட்டோ எடுத்தபோது தம்பியைக் கூப்பிட்டாள், தம்பி பெண்டாட்டியைக் கூப்பிடவில்லை. 'மறந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போயிருக்கும். 'கூப்பிட்டாத்தான் வருவாளோ' என்றாள். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டு விசேஷம் எதற்கும் இவள் போவதில்லை, இந்த வீட்டுக்கு அவள் வருவதில்லை. அந்தப் போட்டோவை நினைத்து மனசு கசந்த ராத்திரிகளில் ஆறுதலுக்கு ரேடியோ எடுத்துப் பிரித்த புத்தகம் நீல அட்டை! 

கிணறு வெட்டப்போய்ப் பூதம் வந்தாயிற்று. அதையும் பார்த்துவிடலாம் என்று கணவரின் போனைப் பிடுங்கி நம்பரைத் தட்டினாள்.

"என்னடா இந்நேரத்துல?" என்றது மறுமுனை.

"நான்தான் அண்ணி."

பூட்டு விழுந்ததுபோல் அமைதி. பிறகு, "தம்பிக்கு ஏதாவதா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. ஒரு சந்தேகம் கேட்கணும். நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப நீங்க எனக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தீங்களா?"

"இதைக் கேட்கவா இத்தனை வருஷம் கழிச்சுப் போன் பண்றே?"

"குடுத்தீங்களா இல்லையா, சொல்லுங்க."

"யாருக்கு ஞாபகம் இருக்கு? குடுத்திருப்பேன். நீ விடாம அழுதுக்கிட்டே கிடந்தே. வாயில எதையாவது போட்டுக்கிட்டே இருந்தாத்தான் நிறுத்தினே."

"நார் எல்லாம் எடுத்துக் குடுத்தீங்களே?"

"நேரம் போகணுமே. பார்வை நேரம் முடியறவரைக்கும் உன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார முடியுமா? பழம் வேணும்னா வாங்கித் தின்னு. வை போனை."

அவளே வைத்துவிட்டாள்.

ரேடியோவுக்கு எதையாவது எடுத்து எறியவேண்டும்போல் இருந்தது. ஒரு ஆயுசுக்கு ஒரு காதல் காட்சி வைத்திருந்தாள். காதலன் இல்லை, கணவரும் இல்லை என்றாகிவிட்டது. சரி, அன்பாவது மிஞ்சும் என்று பார்த்தால், அழுகிற பிள்ளை வாயை அடைத்த கதையாக அதுவும் போயிற்று. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. கணவரிடம், "இனிமே உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னைச் செருப்பால அடிங்க" என்றாள்.

"நானா கேட்கச் சொன்னேன்?" என்றார் அவர். ஆனால் டீவியின் சத்தத்தைக் கூட்டவில்லை.

காலையில் பிசிறு அறையில் எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ரேடியோ நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"ஆரஞ்சு புத்தகத்துல இல்லை. நான் வேணும்னு சேர்க்கலை, ஆனா சேர்ந்துபோச்சு. அது எனக்கு நடந்தது. உரிச்சுக் குடுத்தது என் நாத்தனார்."

"நாத்தனாரா?" என்றாள் பெரியம்மா. புத்தகத்தில் இல்லை என்பதைவிட அதுதான் அவளுக்கு அதிர்ச்சி. "எந்த ஊர்ல நாத்தனார் பழம் உரிக்கிறா?"

"பேச்சு வார்த்தை இல்லேன்னு சொல்வீங்களே, அவங்களா?" என்றாள் புதுசு.

"அவதான்."

பெரியம்மா தொண்டையைக் கனைத்தாள். "நீ பொய் சொல்றவ இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு இவளைத் தூக்கிட்டு இன்னிக்கு உன்னை விட்டா, அது நியாயமா இருக்காதும்மா." 

ரேடியோ புத்தகத்தைக் குண்டூசியிடம் நீட்டினாள். குண்டூசி உடனே வாங்கவில்லை. வெற்றி பெற்ற முகம் வரும் என்று எல்லோரும் பார்த்திருக்க, எரிச்சல்தான் வந்தது அவளுக்கு. 

"இந்த நிலாவையெல்லாம் நான்தான் படிச்சு முடிக்கணுமா?"

"பாதி தாண்டியாச்சு. முடிக்கணும்" என்றாள் பெரியம்மா. "ஒரு வரி விடக் கூடாது."

ரேடியோ மேசையில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து, கத்தரி எடுத்தாள். கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் சட்டையிலேயே பிசிறோடு சேர்த்து ஒரு தையலையும் நறுக்கினாள். குண்டூசி அந்த ஜன்னல் இடத்துக்கே திரும்பிப் போய், சர்வேயரை உள்ளே வரவழைத்து அவன் பேச்சைத் தொடங்கினாள். உன் முகம் முழுமதி, உன் மௌனம் தேய்பிறை என்று அவன் போய்க்கொண்டே இருந்தான். வேலை போய் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் வந்து இதையெல்லாம் பேச இவனுக்கு எப்படி மனசு வந்தது! நிறுத்துடா என்று கத்தலாம்போல இருந்தது. பல வருஷங்களில் முதல் தடவையாக அந்த நாவல் அவளுக்குச் சலித்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. நல்ல கதை என்று கரடியாய்க் கத்தியவள் அவள்தானே. 

பக்கத்தில் இருந்த புதுசு தலையைச் சாய்த்தாள். "அக்கா, அந்த ஆரஞ்சை மட்டும் ஒரு தடவை சொல்லுங்களேன். புத்தகத்துல இல்லாட்டி என்ன? அவர்கிட்ட நானே வாயால சொல்லிக்கறேன்."

"பேசாம வேலையைப் பாரு" என்றாள் ரேடியோ.

"நாத்தனார்னு சொல்ல மாட்டேன். சர்வேயர்னே சொல்றேன்."

"சொன்னா நாத்தனார்னு சொல்லு. இல்லேன்னா சொல்லாதே." அவளுக்கே அந்த வேகம் ஆச்சரியமாக இருந்தது. நாத்தனாருக்காக இப்படிப் பரிந்து பேசுவோம் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடும் பேச்சை நிறுத்தியிருப்பாள்.

மத்தியானம் சாப்பிட எழுந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். அறைக்கு வெளியே போய் எடுத்தாள்.

"தம்பிகிட்ட உன் நம்பரை வாங்கினேன்" என்றாள் நாத்தனார். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைத் திருத்துகிற குரல். "நேத்து ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்தேன். நீ சொன்னது தப்பு. அது ஆரஞ்சு இல்ல."

"இல்லியா?"

"சாத்துக்குடி. உனக்கு அப்ப இருமல் வேற. புளிக்கிற ஆரஞ்சைக் குடுக்காதீங்கன்னு நர்ஸ் சொல்லிட்டா. தெரு முழுக்க அலைஞ்சு சாத்துக்குடி வாங்கிட்டு வந்தேன். அந்தத் தோலைச் சீவி, சுளைக்குச் சுளை மேல்தோலைக் கிழிச்சு எடுக்கறதுக்குள்ள என் நகமெல்லாம் எரிஞ்சுது. இவ சொகுசா ஆரஞ்சுங்கறா!"

"ராத்திரியெல்லாம் யோசிச்சீங்களா அண்ணி?"

"தூக்கம் வரலை, யோசிச்சேன். அதுக்கென்ன இப்ப? சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிடு, போ." 

இந்த முறையும் அவளேதான் வைத்தாள்.

ரேடியோ அறைக்குத் திரும்பினாள். டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு புதுசு அவள் முகத்தையே பார்த்தாள்.

"யாருக்கா?"

"அவதான்."

"என்னவாம்?"

ரேடியோ உட்கார்ந்து தன் டப்பாவின் மூடியோடு மல்லுக்கு நின்றாள். அது திறக்கவில்லை. மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"சாத்துக்குடியாம்டி" என்றாள். "இத்தனை வருஷமா நான் பழத்தையே தப்பாப் படிச்சிருக்கேன்."